ஒண்ணேமுக்கால் பிள்ளை

கேக்கணும்னா கேளுங்க, வேண்டாம்னா டீ ஆறுறதுக்குள்ள குடிச்சிட்டுக் கெளம்புங்க, எனக்கு ஒண்ணும் கொறஞ்சிராது. ஆனா எங்க மஞ்சணத்திக்குளத்துக்கு டேப்லெட்டும் கையுமா ஒரு பொண்ணு கணக்கெடுக்க வந்து, வாசல் வாசலா ஏறி எறங்கி, எந்த வீட்ல எத்தன பேரு, எத்தன ஆடு, எத்தன சைக்கிளுன்னு கேட்டு முடிச்சி, போறப்ப பஸ் ஸ்டாப்புல நின்னு, "உங்க ஊர்ல சராசரியா வீட்டுக்கு ஒண்ணேமுக்கால் பிள்ளை"ன்னு சொல்லிட்டுப் போனா பாத்துக்கிடுங்க, மறுநா காலையில மொத பஸ்ல ஒண்ணேமுக்கால் பிள்ளையோட ஒரு குடும்பம் வந்து எறங்கிருச்சு.

நான் பட்டுராசன். ஆட்டோ மேல ரெண்டு கொழாயக் கட்டிக்கிட்டு ஊர் ஊரா அறிவிப்பு சொல்லிட்டுத் திரியுறவன். சாவுத் துட்டிக்கு ஒரு கொரலு, தள்ளுபடிக்கு ஒரு கொரலு, கட்சிக்காரனுக்கு ஒரு கொரலு. ஒரு மட்டம் கொரலு மாறிப்போயி, செத்துப்போன வாத்தியார "வாங்க வாங்க, இன்னைக்கு ஒருநாள் மட்டும்"னு சொல்லிப்புட்டேன், அந்த வீட்டுக்காரவ இன்னைக்கும் என்னையப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிடுவாவ. எங்க ஊர்ல யாரு பேசுனாலும் அப்படியே பேசிக் காட்டிருவேன். உரக்கடை தவசிலிங்கம் அண்ணாச்சி தொண்டையக் கனைக்கிறத நான் கனைச்சா, அவரு கடைப்பையன் கணக்கு நோட்ட ஒளிச்சு வைப்பான்னா பாருங்களேன்.

அந்தக் குடும்பத்துல அப்பன் பேரு குணராசு. நெட்டையும் இல்ல குட்டையும் இல்ல, மீசையில பாதி கறுப்பு, பாதி நரை. அம்மாக்காரி செல்லக்கிளி. மூத்த பய முழுப்பிள்ள, பஸ்ஸேறி டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போயிருவான். எளையவ பூரணி, அவதான் முக்கால். அதுபோக அவுகளுக்கு அரை ஆடு உண்டு. வீட்டுக்கு அரை ஆடுன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருந்தால்லா, அதனால அந்த ஆடு காலையில மேயும், மத்தியானத்துக்கு மேல இருக்காது, கட்டுன கயிறு மட்டும் கெடக்கும். எங்கேருந்து வந்தாவ, என்ன ஏதுன்னு ஒருத்தரும் கேக்கல. பால் சொசைட்டிக்குப் பின்னால வீடு ஒண்ணு காலியாக் கெடந்துச்சு, குடுத்துட்டோம், அவ்வளவுதான்.

முக்கால் பிள்ளைன்னா கையி காலு கொறைன்னு நெனச்சிராதிய. பாக்கதுக்கு லச்சணமான பிள்ள, ரெட்டச் சடை, முன்பல்லு விழுந்து பாதி மொளைச்சது. என்னன்னா, நாலு தடவ கண்ண மூடித் தெறந்தா மூணு தடவ இருப்பா, ஒரு தடவ இருக்கமாட்டா. ஸ்டாட்டரு போன டியூப்லைட்டு மாதிரி, இருக்கா, இருக்கா, இருக்கா, இல்ல, இருக்கா, இருக்கா, இருக்கா, இல்ல. அவ இல்லாத நேரத்துல அவ நின்ன எடத்துல பின்னால இருக்க சுவரு தெரியும், சுவத்துல எழுதியிருக்க சிமெண்டு விளம்பரம் தெரியும், அதுக்குள்ள திரும்ப வந்து மறைச்சிருவா.

ஊரு அதுக்கு ரெண்டு வாரத்துல பழகிருச்சு. செல்லக்கிளி சடை பின்னும்போது கையில இருக்க முடி காணாமப் போகும், அவ அந்தரத்துல வெரல அப்படியே வச்சிக்கிட்டுக் காத்திருப்பா, முடி திரும்ப வந்ததும் விட்ட எடத்துலேருந்து பின்னுவா. டீச்சரு பேர் கூப்பிட்டா, "உள்ளேன் டீ"ன்னு கேக்கும், கொஞ்சம் இடைவெளி, பொறவு "ச்சர்"னு வரும், டீச்சரும் பேனாவ அந்தரத்துல புடிச்சிக்கிட்டு அந்த "ச்சர்"ருக்காகக் காத்திருப்பாவ. பால் சொசைட்டி நாயி அவளப் பாத்துக் கொலைக்கும்போது நடுநடுவுல நிறுத்தி, "எங்க போனா?"ங்கிற மாதிரி நம்ம மொகத்தப் பாக்கும்.

பிள்ளைகளும் அவள விளையாட்டுல சேத்துக்கிட்டுதுக, ஆனா ஒப்புக்குச் சப்பாணியா. அது தெரியும்லா உங்களுக்கு? வீட்ல தம்பி தங்கச்சியச் சேத்துக்கிடச் சொல்லி அனுப்புனா, சேக்கவும் மனசில்லாம வெரட்டவும் முடியாம, "சரி, நீ ஒப்புக்குச் சப்பாணி"ன்னு விட்டுருவோம்லா. ஓடலாம், கத்தலாம், ஆனா அவுட்டு கெடையாது, புடிக்கிற மொறையும் வராது. எண்ணும்போது விரலு அந்தப் பிள்ளையத் தாண்டிப் போயிரும். பூரணியத் தொடப்போனா, தொடுற நேரம் பாத்து அவ இருக்கமாட்டா, பிள்ளைக என்ன செய்யும்? அவளும் சிரிச்சிக்கிட்டே எல்லார் பின்னாலயும் ஓடிக்கிட்டுக் கெடப்பா.

இப்படிப் போய்க்கிட்டு இருந்த ஊர்லதான் தபால்ல ஒரு பேப்பரு வந்துச்சு. இருவது பிள்ளைக்குக் கொறஞ்ச பள்ளிக்கூடத்த எல்லாம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோட சேக்கப் போறோம்னு. எங்க பள்ளிக்கூடத்துல முழுப்பிள்ளைக பத்தொம்பது, அதுக்கு மேல பூரணி. பக்கத்துப் பள்ளிக்கூடம்னா நாலுவழிச்சாலைக்கு அந்தப் பக்கம். அங்க லாரி போறதப் பாத்திருக்கியளா? போறது தெரியாது, போன பொறவு வேட்டி ஆடும், அப்பத்தான் தெரியும்.

பேப்பரு வந்த அன்னைக்கே ஊரு ரெண்டாப் போச்சு. பள்ளிக்கூடம் இங்கனயே இருக்கட்டும்னு ஒரு கட்சி, அதுக்குத் தையல்கடை ஜெசிந்தாக்கா தலைவி. அங்கன சேத்துருவோம்னு ஒரு கட்சி, அதுக்கு உரக்கடை தவசிலிங்கம் அண்ணாச்சி தலைவரு. அக்காதான் அந்தப் பத்தொம்பது பிள்ளைக்கும் யூனிபாரம் தைக்கிறவ. அண்ணாச்சிக்குப் பள்ளிக்கூட எடத்துல உர மூட்டை எறக்குனா வசதி. ஆனா ரெண்டு பேரும் அதுக்காக மட்டும் பேசுனாவன்னு சொன்னா எம்வாயி அழுகிரும். அக்காவுக்கு அந்த ரோட்டுமேல நெசமாவே பயம். அண்ணாச்சிக்கு, தாம்பேரன் கம்ப்யூட்டரு இருக்க பள்ளிக்கூடத்துல படிக்கணும்னு நெசமாவே ஆசை.

ரெண்டு கட்சிக்கும் மைக்கு நாந்தான். காலையில அக்காவுக்கு, சாயங்காலம் அண்ணாச்சிக்கு. ரெண்டு பேரும் குடுத்தது ஒரே கணக்கு.

காலையில செய்தி வாசிக்கிற கொரல்ல சொல்லுவேன். "அன்பார்ந்த பெற்றோர்களே! பூரணி நூத்துக்கு எழுபத்தஞ்சு நேரம் பள்ளிக்கூடத்துல இருக்கிறாள்! எழுபத்தஞ்சுன்னா பரீட்சையில என்ன கிளாசு? பஸ்ட் கிளாசு! நம்ம வார்டு மெம்பரு ஊர்ல எத்தன நேரம் இருக்காருன்னு நெனச்சிப் பாருங்க! எனவே இவள் முழுப்பிள்ளை, ஆக இருபது!"

சாயங்காலம் கருவாட்டு ஏலக்கொரல்ல சொல்லுவேன். "யோசிங்க மக்களே யோசிங்க! நூத்துக்கு இருபத்தஞ்சு நேரம் ஒரு பிள்ள காணாமப்போற பள்ளிக்கூடம் ஒரு பள்ளிக்கூடமா? நாலு நாள்ல ஒருநாள் வராத மாட்ட நீங்க பால்மாடும்பியளா? எனவே இருப்பது பத்தொன்பது!"

காலையில கேட்டுத் தலையாட்டுன அதே ஆளுகதான் சாயங்காலமும் தலையாட்டுனாவ. நான் கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான போறேன்? கொழாய் எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம் தலை ஆடுது.

ரோட்டுப் பேச்சு வந்துச்சு. அக்கா சொன்னா, "லாரிக்காரன் பாக்கும்போது பிள்ள இல்ல, சரின்னு வாரான், பக்கத்துல வந்ததும் பிள்ள இருக்கா. என்னவே ஆகும்?"

"ஏன், லாரி வாற நேரம் இல்லாம இருந்தா?" அண்ணாச்சி தொண்டையக் கனைச்சாரு. "மத்த பிள்ளைக்கு இல்லாத பாதுகாப்பு இவளுக்கு நாலுல ஒரு பங்கு கூட இருக்குல்லா."

"உம்ம பேரன முக்காலாக்கி ரோட்டுல விடும், பாப்பம்."

"ஏட்டி, எம்பேரன் முழுசு."

"அப்ப முழுசாத்தான் அடிபடுவான்."

ரெண்டுக்கும் கூட்டம் கைதட்டுச்சு, எனக்கும் தட்டணும்போலத்தான் இருந்துச்சு.

இதுக்கு எடையில முட்டை வந்துச்சு பாருங்க. சத்துணவு சமைக்கிற மாடத்தி, ஜெசிந்தாக்கா கட்சிதான், அவளுக்குச் சித்தி மக வேற. ஆனா முட்டைன்னு வந்தா கட்சி பாக்கமாட்டா. பூரணி தட்டுல முட்டைய வச்சி, நூல வச்சி நறுக்குனு கால்வாசிய அறுத்து எடுத்துட்டா. "முக்கால் பிள்ளைக்கு முக்கா முட்டை. கேட்டா நான் பதில் சொல்லணும்லா?"

அண்ணாச்சி காதுக்கு இது போச்சு. மனுசன் அந்தக் கால்முட்டைய வாழையெலையில வாங்கி, பஸ் ஸ்டாப்புல வச்சிக்கிட்டுக் கண்கலங்குறாரு. "ஒரு முழுப்பிள்ள வயித்துல அடிச்சிட்டாவளே! அவளும் நம்மள மாதிரி முழு மனுசிதானவே!"

ஜெசிந்தாக்கா கத்திரிக்கோலோட ஓடி வந்தா. "இது முழுசாவே! முக்கால்தானவே! நூத்துக்கு எழுவத்தஞ்சு குடுத்தது நியாயம்தானவே!"

சொல்லி முடிச்ச பொறவு ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாவ. அக்கா பேச்ச அண்ணாச்சி பேசிட்டாரு, அண்ணாச்சி பேச்ச அக்கா பேசிட்டா. பொறவு அண்ணாச்சி அந்த முட்டைய வாயில போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம், நான் ஆட்டோவுக்கு பேட்டரி மாத்திக்கிட்டு நிக்கேன், செல்லக்கிளி வந்தா. இந்த ஊர்ல எனக்கு வராத கொரலு ஒண்ணு உண்டுன்னா அது அவ கொரலுதான். ஏத்தமும் இல்ல எறக்கமும் இல்ல, எல்லார் கொரலையும் ஒண்ணாப் போட்டுக் கலக்குன மாதிரி இருக்கும், புடிக்க ஒரு பிடி கெடைக்காது.

"அண்ணே, அந்தக் கணக்கு இப்ப தப்பு."

"எந்தக் கணக்கும்மா? காலையிலயா சாயங்காலமா?"

"ரெண்டுமே. நீங்க எழுவத்தஞ்சுன்னு சொல்லிக்கிட்டு இருக்கிய. அவ இப்ப பாதி நேரந்தான் இருக்கா."

நான் என்னமோ வெளையாட்டுக்கு, தவசிலிங்கம் அண்ணாச்சி மாதிரி கனைச்சேன். அவ சிரிக்கல. அவளுக்குப் பின்னால பூரணி நின்னா, நான் பாத்தேன். இருக்கா, இல்ல, இருக்கா, இல்ல, இல்ல. சிமெண்டு விளம்பரத்த முழுசா வாசிச்சு முடிச்சிட்டேன், அதுக்குப் பொறவுதான் வந்தா.

"இந்த மைக்கு வந்ததுலேருந்துதான்"னா செல்லக்கிளி. "ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சிக்கிட்டே வாரா. ராத்திரி கையப் புடிச்சிக்கிட்டுப் படுத்தா, வெறுங்கையத்தான் புடிச்சிருக்கேன். ஊரே எம்பிள்ளையப் பத்தி சண்டை போடுதிய, எம்பிள்ளைகூட யாராவது ஒருத்தர் சண்டை போட்டியளா அண்ணே? முட்டைய அறுத்தாவளே, 'ஏட்டி, இது உனக்குப் போதுமா'ன்னு அவகிட்ட கேட்டாவளா? அவ ஒருத்தி அங்கன நிக்கான்னு தெரிஞ்சாத்தான கேப்பிய."

எனக்குச் செய்திக்கொரலும் வரல, ஏலக்கொரலும் வரல. என் சொந்தக் கொரல எங்க வச்சேன்னே தெரியல. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள எண்ண ஆபீசரு வாராருல்லாம்மா, பாப்போம்"னு என்னமோ மொனகுனேன்.

ஆபீசரு வந்தாரு. குடையும் சிவப்புப் பையுமா, வெயில்ல வெந்துபோன நல்ல மனுசன். பள்ளிக்கூடத்துக்குள்ள ஊரே கூடிருச்சு, பிள்ளைகள எல்லாம் வெளிய விளையாட வெரட்டியாச்சு. அக்கா எந்திரிச்சு எழுபத்தஞ்சப் பத்திச் சொன்னா, அண்ணாச்சி எந்திரிச்சு இருபத்தஞ்சப் பத்திச் சொன்னாரு. ஆபீசரு ரெண்டையும் கேட்டு, ரெண்டுக்கும் தலையாட்டி, பொறவு தலைய ஆட்டுனோமேன்னு பயந்து, கழுத்தக் கையால புடிச்சிக்கிட்டாரு.

"என் பேப்பர்ல முக்காலுக்கு எல்லாம் கட்டம் கெடையாதுங்க"ன்னாரு. "நான் பேரு கூப்பிடுவேன். பதில் வந்தா ஒண்ணு. வரலேன்னா இல்ல. இத விட நியாயம் எனக்குத் தெரியல." என் பக்கம் திரும்பி, "மைக்க நீங்க எடுங்க, வெளிய இருக்க பிள்ளைக்குக் கேக்கட்டும்."

நாந்தான் கூப்பிட்டேன். "பூரணி."

கொழாய்ல பேரு போச்சு. பால் சொசைட்டி வரைக்கும் போயி, கொளத்துல முட்டித் திரும்பி வந்துச்சு. பதில் இல்ல. செல்லக்கிளி சன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னா. பேனாவ அந்தரத்துல வச்சிக் காத்திருக்கப் பழகுன டீச்சரு, காத்துக்கிட்டே இருந்தாவ. ஆபீசருக்குப் பழக்கமில்ல. பேனா மூடியத் தெறந்தாரு. அண்ணாச்சி கட்சியில ரெண்டு பேரு கைதட்ட ஆரம்பிச்சு, அண்ணாச்சி மொகத்தப் பாத்துட்டு நிறுத்திக்கிட்டானுவ. ஏன்னா அண்ணாச்சி சிரிக்கல. அவரு சன்னல்ல இருந்த செல்லக்கிளி கையப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

அப்பத்தான் வெளிய சத்தம்.

"அவுட்டு! நீ அவுட்டுட்டி!"

அது முப்பிடாதி. எண்ணெய் விக்கிறவரு மக, தெருவுல அவகூடப் பேசப் பெரியவங்களே யோசிப்பாவ. கல்லா மண்ணா விளையாடிக்கிட்டு இருந்துதுக. முப்பிடாதிதான் புடிக்கிறவ, மண்ணு அவ ராச்சியம், மண்ணுல கால வச்சவனத் தொடலாம், கல்லுல நின்னா தொடக்கூடாது. வெயில்ல ஓடி ஓடி ஒருத்தியும் மாட்டாம அழுகை முட்டிக்கிட்டு இருந்தவ கையில, எந்தச் சாமி புண்ணியமோ, பூரணி இருக்க நேரம் பாத்து பூரணி தோளு பட்டிருச்சு.

"அவ ஒப்புக்குச் சப்பாணிலா"ன்னு ஒருத்தன் சொன்னான்.

"ஒப்பும் கெடையாது சப்பாணியும் கெடையாது! தொட்டேன்லா! இவ அவுட்டு! இவதான் புடிக்கணும்!"

"நான் அவுட்டு இல்ல!" அப்படி ஒரு சத்தம் பூரணிக்கு உண்டுன்னு நாங்க அன்னைக்குத்தான் கேட்டோம். "எங்காலு கல்லுலதான் இருந்துச்சு!"

"ஒரு காலு மண்ணுல."

"குதிகாலு கல்லுல!"

"கள்ளாட்டம் ஆடாதட்டி!"

"நீதாண்டி கள்ளாட்டம்! உன் வீட்டு எண்ணெயில தண்ணி!"

பொறவு என்ன, சடையப் புடிச்சிட்டா முப்பிடாதி. ரெண்டு கையால புடிச்ச சடை. நாங்க எல்லாம் வாசல்ல போயி நின்னோம். அக்கா, அண்ணாச்சி, கரண்டியோட மாடத்தி, குடையோட ஆபீசரு. ரெண்டு பிள்ளைகளும் புழுதியில உருளுதுக, வெலக்கப் போனவன் கையக் கடிச்சு வச்சாச்சு. நான் எண்ணிக்கிட்டே நின்னேன், பழக்கதோசம். இருக்கா, இருக்கா, இருக்கா. இருக்கா. இருக்கா. இருக்கா. அவளுக்குப் பின்னால இருந்த சுவரு தெரியவே இல்ல. இல்லாமப் போக அவளுக்கு நேரமே கெடைக்கல.

ஆபீசரு அதட்டுனாரு. "யாரும்மா இது சண்டை போடுறது?"

"இவதான் சார்!" அத்தன பிள்ளையும் கைய நீட்டுச்சு, அத்தன விரலும் பூரணி மேல. "இவதான் சார் அவுட்டானத ஒத்துக்கமாட்டேங்கா!"

பூரணி எந்திரிச்சி நின்னா. மூக்கு ஒழுகுது, முட்டி செராஞ்சு ரத்தம், ஒரு சடை அவுந்து தொங்குது. "நான் அவுட்டு இல்ல சார்"னா. நடுவுல எங்கயும் நிக்காம ஒரே மூச்சுல சொன்னா.

ஆபீசரு அவளையே பாத்தாரு. கண்ணச் சிமிட்டாமப் பாத்தாரு, பொறவு வேணும்னே சிமிட்டிச் சிமிட்டிப் பாத்தாரு. கடைசியில முப்பிடாதிகிட்ட கேட்டாரு.

"நீங்க எத்தன பேரும்மா விளையாடுறிய?"

முப்பிடாதி மூக்கத் தொடைச்சிக்கிட்டு, விரலால ஒவ்வொருத்தரா எண்ணுனா. பூரணிகிட்ட வந்ததும் விரலு நின்னுச்சு. தாண்டப்போகுதுன்னு நெனச்சேன். நல்லா ஓங்கி நெஞ்சுல ஒரு குத்துக் குத்தி எண்ணுனா.

"இருவது சார். இவளையும் சேத்து."

ஆபீசரு இருபதுன்னு எழுதிப் பேனாவ மூடுனாரு. சன்னல்கிட்ட நின்ன செல்லக்கிளி சிரிச்சா. மக முட்டியில ரத்தம் வழியுது, தாயி சிரிக்கா. அந்தச் சிரிப்பு ஒருத்தர் மாதிரியும் இல்ல, அவ மாதிரியே இருந்துச்சு. எனக்கு இன்னைக்கும் அது வரல, நான் முயற்சி பண்ணுறதும் இல்ல.

மறுநா காலையில ஜெசிந்தாக்கா என் ஆட்டோவ வாடகைக்கு எடுத்தா. "பள்ளிக்கூடம் நிலைத்தது! இருபது இருக்கிறது!" சாயங்காலம் அண்ணாச்சி எடுத்தாரு. "அடுத்த வருசத்த யோசிங்க மக்களே! இருபதுதான் இருக்கிறது!" ரெண்டையும் சொன்னேன். தலைகளும் ஆடுச்சு. அதெல்லாம் மாறுமா?

ஆனா ஒண்ணு. பூரணி முழுசா சரியாயிட்டான்னு நெனச்சிராதிய. சண்டை முடிஞ்சி எல்லாரும் வீட்டுக்குப் போனப்ப, சாயங்காலம் திரும்பவும் அந்த டியூப்லைட்டு ஆட்டம். யாராவது அவள முன்னால வச்சிக்கிட்டு, இத்தன சதவீதம், அத்தன பங்குன்னு பேச ஆரம்பிச்சா அந்தால சுவரு தெரிய ஆரம்பிச்சிரும். யாராவது அவகூட மல்லுக்கு நின்னா, அவ அங்கன இருப்பா, அசையாம, கல்லு மாதிரி இருப்பா.

அதனால ஊர்ல யாரும் கூடிப் பேசாமலே ஒரு வழக்கம் வந்துருச்சு. தெனமும் யாராவது ஒருத்தர் பூரணிகூட சண்டை போடணும். ஜெசிந்தாக்கா பாவாடை நீளத்துக்குச் சண்டை போடுவா. மாடத்தி முழு முட்டையக் குடுத்துட்டு, "ஏன்ட்டி மஞ்சக்கருவ ஒதுக்குத?"ன்னு சண்டை போடுவா. தவசிலிங்கம் அண்ணாச்சி கடையில காலண்டரு கேக்க வருவா, அவரு சாமி படம் போட்டது கெடையாதும்பாரு, அவ அந்தா தொங்குதேம்பா, அவரு அது போன வருசத்ததும்பாரு, யூரியா வாங்க வந்தவன் வரிசையில நிப்பான், இவுக ரெண்டு பேரும் முடிக்கமாட்டாவ. அந்த அரை ஆட்டுகூட சண்டை போட ஒருத்தரும் இல்ல, அது இன்னும் அரை நாளுதான் இருக்கு.

சரி, டீ முடிஞ்சிதுலா? பள்ளிக்கூடம் விடப்போறாவ, நான் கெளம்புதேன். இன்னைக்கு எம்மொறை. என்ன சண்டை போடன்னு இன்னும் நெனைக்கல. போனாப்போதும், அவ ஒண்ணு வச்சிருப்பா.